கெட்டதை நல்லதாக்கிய குற்றம்

“ஒவ்வொரு ஷிப்டின் தொடக்கத்திலும், உயர் மின்னழுத்தச் சோதனைக் கருவியில் முதலில் மாதிரிப் பழுது எலிமெண்ட்டை வைத்துச் சோதிக்க வேண்டும். சிவப்பு விளக்கு எரிய வேண்டும். பச்சை எரிந்தால் கருவி பழுதாகிவிட்டது என்று கொண்டு உடனே நிறுத்த வேண்டும். கடைசியாகச் சிவப்பு எரிந்த மாதிரிச் சோதனைக்குப் பிறகு அந்தக் கருவி தேர்ச்சி கொடுத்த அனைத்தையும் திரும்ப எடுக்க வேண்டும்.”

எங்கள் பேட்டரித் தொழிற்சாலையின் நடைமுறைக் கையேட்டில் ஏழாவது விதி இது. எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது. தெளிவான மூளைக்காரர் என்பதில் சந்தேகமில்லை. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிட்டார். கெட்டது கடைசிவரை கெட்டதாகவே இருக்கும் என்று நம்பிவிட்டார். பல்லடம் பக்கம் ஒரு முறை ஆயுத பூஜைக்கு வந்துவிட்டுப் போயிருந்தால் அந்த நம்பிக்கை அவருக்கு வந்திருக்காது.

நான் ஓய்வு பெற்ற பிறகு அங்கே தானியங்கிக் கருவி வந்துவிட்டது. தொடுதிரை, சரக்கை நகர்த்தும் ஓடுபட்டை எல்லாம் உண்டு. அதைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கும் பொறியியல் பட்டதாரிகள் இரண்டு பேர் என் வீடு தேடி வந்து, இத்தனை வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து என்ன செய்தீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார்கள். பொத்தானை அழுத்தினேன் என்று சொன்னேன். அவர்கள் தலையாட்டிய விதத்திலிருந்து, அவர்களும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள் என்று தெரிந்தது. அதனால் கொஞ்சம் விவரமாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

பேட்டரிக்குள் இருப்பது ஈயத் தகடுகள். நேர்மின் தகடு ஒன்று, எதிர்மின் தகடு ஒன்று என்று மாற்றி மாற்றி அடுக்கி, இரண்டும் தொட்டுக்கொள்ளாமல் நடுவில் செப்பரேட்டர் என்கிற மெல்லிய தாளைச் செருகுவார்கள். அந்த அடுக்குக்குப் பெயர்தான் எலிமெண்ட். பேசிக்கொள்ளாத சம்பந்திகளை ஒரே பந்தியில் உட்கார வைத்து, நடுவில் பொதுவான ஆள் ஒருவரை உட்கார வைப்பது போன்ற ஏற்பாடு. தாளில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தால் போதும். இன்று ஒன்றும் தெரியாது. சில மாதம் கழித்து, ஏதாவது ஒரு பனியன் கம்பெனியில் மின்சாரம் போன நேரத்தில், இன்வெர்ட்டரும் சேர்ந்து போகும். கட்டிங் மேசைக்கு மேலே விளக்கு அணையும். கத்தரி பிடித்தவர் எங்கள் கம்பெனிப் பெயரைச் சொல்லித் திட்டுவார். அந்தத் திட்டு வராமல் தடுப்பதுதான் என் வேலை.

பாலிடெக்னிக்கில் மின்னியல் டிப்ளமோ, அஞ்சல் வழியில் ஒரு பட்டம், திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் மோட்டார் பராமரிப்பு, அதற்குப் பிறகு இங்கே. பயிற்சிக் காலத்தில் கற்றதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். எந்தப் பூட்டையும் யார் சொன்னாலும் திறக்காதே, சொல்பவர் மொதலாளியின் மைத்துனராக இருந்தாலும்.

கருவியை இயக்கும் முறை இது. எலிமெண்ட்டைத் தொட்டியில் வைத்து, அதன் இரண்டு முனைகளும் மேலே இருக்கும் இரண்டு பித்தளை ஊசிகளுக்கு நேராக வருமாறு நகர்த்த வேண்டும். பிறகு வலக்கை ஒரு பொத்தானிலும் இடக்கை இன்னொரு பொத்தானிலும் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் கண்ணாடிக் கதவு இறங்கும். ஒரு கை உள்ளே இருக்கும்போது மறு கை இயக்கிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. கதவு இறங்கியதும் ஊசிகள் வந்து முனைகளில் உட்காரும். வெளியே எதுவும் தெரியாது. தேனீ ஒன்று தூரத்தில் சுற்றுவது போல மெல்லிய ஒலி. அவ்வளவுதான், ஆயிரத்துச் சொச்சம் வோல்ட் உள்ளே வேலை பார்த்துவிட்டது. தகடுகளுக்கு நடுவே மின்சாரம் கசியாவிட்டால் பச்சை. அனுமதித்த அளவைத் தாண்டிக் கசிந்தால் சிவப்பு, கூடவே ஊதல். சிவப்பு வந்துவிட்டால் கதவு தானாகத் திறக்காது. என் கழுத்தில் தொங்கும் சாவியைப் போட்டுத் திருப்பினால்தான் திறக்கும். கெட்டது ஒன்று நல்லதோடு சேர்ந்து நழுவிப் போய்விடக் கூடாது என்பதற்காக.

ஊசிகளை மணிக்கொரு தரம் துடைக்க வேண்டும். அதற்கு உலகத்திலேயே சிறந்த துணி எங்கள் ஊரில்தான் கிடைக்கும். பனியன் கம்பெனிகளின் கட்டிங் வேஸ்ட், கிலோ கணக்கில். ஐரோப்பியக் குழந்தைகளுக்காக அச்சடித்த கரடி முகத்தில் பாதி என் கையில் இருக்கும். அதன் கண்ணால் ஊசியைத் துடைத்துவிட்டுக் கீழே போடுவேன்.

இதற்கெல்லாம் முன்னால், ஷிப்ட் தொடங்கியவுடன் மாதிரிப் பழுது. கருவியைத் தயாரித்த நிறுவனமே பரிசோதித்துச் சான்றிதழோடு அனுப்பிய கெட்ட எலிமெண்ட் அது. கெட்டது என்றால் கன்னாபின்னாவென்று கெட்டதல்ல. சிவப்பு எரிவதற்கு எவ்வளவு கெட வேண்டுமோ அவ்வளவு மட்டும் கெட்டது. கருவி கொஞ்சம் சோம்பேறியாகிவிட்டால்கூட இந்தப் பழுதைப் பிடிக்காமல் பச்சை காட்டிவிடும். அதுதான் அதன் பெருமை. பல வருடம் கைபட்டுத் தகடுகள் கறுத்துப்போயிருந்தன. தனி மரப்பெட்டியில், கழுத்தில் சிவப்பு ரிப்பனோடு, ரிப்பனில் கோத்த அலுமினியத் தகட்டோடு இருக்கும். தகட்டில் “நிரந்தரப் பழுது. சரிசெய்யக் கூடாது” என்று பொறித்திருக்கும். தினமும் காலையில் நான் விழிப்பது அதன் முகத்தில்தான். வீட்டில் இதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

எங்கள் தர மேலாளர் சென்னியப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிடச் சிறியவர், தோட்டம் துரவு உள்ள குடும்பம், கோழிப்பண்ணை தனி. அவரைப் போல மரியாதையான மனிதரை நான் பார்த்ததில்லை. யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். அவருடைய கோபத்தை அளக்க ஒரே வழி, வாக்கியத்தில் எத்தனை ‘ங்க’ வருகிறது என்று கவனிப்பதுதான். சாதாரண நாளில் ஒன்று. லாரி தாமதமானால் இரண்டு. மூன்றைத் தாண்டினால் எல்லோரும் தத்தம் இடத்துக்குப் போய்விடுவோம். கசிவு மீட்டர் பார்த்துப் பழகிய எனக்கு இதுவும் எளிதாகவே பழகிவிட்டது.

இன்னொரு குணமும் உண்டு. எதையும் எழுதித் தர மாட்டார். சட்டைப் பையில் நல்ல பேனா இருக்கும், அது எழுதி நான் பார்த்ததில்லை. கையெழுத்து வேண்டும் என்று காகிதத்தை நீட்டினால், “உங்களுக்குத் தெரியாததுங்களா ண்ணா, நீங்களே பாத்துப் பண்ணுங்க” என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விடுவார். அந்தத் தட்டலை எந்தக் கோப்பில் வைப்பது என்று கையேட்டில் இல்லை.

மூன்றாவது ஆள் ராஜகனி. கோவில்பட்டிக்குத் தெற்கேயிருந்து குடும்பத்தோடு வந்த பெண்மணி. முதலில் அனுப்பர்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தார். துணியை விளக்குக்கு எதிரே பிடித்து, ஒரு கண்ணி விட்டுப்போன இடத்தைக் கண்டுபிடிக்கும் வேலை. அந்தக் கண்ணோடு எங்களிடம் வந்து பழுதுபார்ப்பு மேசையில் உட்கார்ந்தார். நான் சிவப்பு என்று ஒதுக்குவதெல்லாம் அவர் மேசைக்குப் போகும். பிரித்து, ஒவ்வொரு செப்பரேட்டரையும் டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். ஓட்டையைக் கண்டுபிடித்து, தாளை மாற்றி, திரும்ப அடுக்கி அனுப்பினால் மறுசோதனையில் பச்சைதான். அவர் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தீபாவளியோடு நிரந்தரம் ஆக வேண்டும். கம்பெனி கொடுத்த லைன் வீட்டில் குடியிருப்பு. வேலை போனால் வீடும் போகும். மகள் பத்தாம் வகுப்பு, பொதுத்தேர்வு எழுத வேண்டும்.

இனி ஆயுத பூஜை. எங்கள் பக்கத்தில் அது சாதாரணப் பூஜை அல்ல. முதல் நாள் தொழிற்சாலையையே கழுவிக் கவிழ்ப்பார்கள். ஸ்பானர் முதல் தராசு வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். அந்த வருடம் புதிதாகச் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஒன்று வந்திருந்ததால் சென்னியப்பனுக்கு உற்சாகம் இன்னும் அதிகம். மணமகனை அலங்கரிப்பது போல அதைத் தானே நின்று அலங்கரித்தார்.

ராஜகனி வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். ஆனால் அந்தத் தொழிற்சாலையில் ஆயுத பூஜையை அவர் அளவுக்குப் பக்தியோடு நடத்தியவர் யாருமில்லை. பூஜைக்கு முன்னால் மேசையில் ஒரு கெட்ட எலிமெண்ட்கூட மிச்சம் இருக்கக் கூடாது என்பது அவர் தமக்குத் தாமே போட்டுக்கொண்ட சட்டம். அன்றும் எல்லோரும் கழுவிக்கொண்டிருக்க, அவர் மட்டும் மிச்சமிருந்த சிவப்புகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பச்சையாக்கிக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் விடுமுறை கழித்து வேலைக்குப் போனேன். கருவி குளித்து, நெற்றியில் பொட்டோடு பளிச்சென்று இருந்தது. மரப்பெட்டியைத் திறந்தேன். உள்ளே மாதிரிப் பழுதுக்கும் சந்தனம் வைத்திருந்தது. ரிப்பனைக் காணவில்லை. கழுவியபோது கழற்றி எங்காவது உலர்த்தியிருப்பார்கள் என்று நினைத்து, சந்தனத்தைக் கரடி முகத்தால் துடைத்துவிட்டு, தொட்டியில் வைத்தேன். இரண்டு பொத்தானையும் அழுத்தினேன். கதவு இறங்கியது. தேனீ சுற்றியது.

பச்சை.

நான் அதிர்ச்சியடைந்தேன் என்று எழுதலாம். உண்மையில் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. கருவி என்னை ஏமாற்றுகிறது என்று நினைத்தேன். முனைகளைத் துடைத்தேன், மறுபடி அழுத்தினேன். பச்சை. தலைமை மின்பணியாளரின் மீட்டரை வாங்கி வந்து, ஊசிகளுக்கு இடையே எவ்வளவு அழுத்தம் வருகிறது என்று பார்த்தேன். வர வேண்டியது அப்படியே வந்தது. கருவியில் ஒரு குறையும் இல்லை. அப்படியானால் பல வருடமாகக் கெட்டவனாகவே வாழ்ந்தவன் இரண்டு நாள் விடுமுறையில் திருந்திவிட்டான்.

விதி விதிதான். கருவியின் காளான் வடிவச் சிவப்பு அவசரப் பொத்தானை அழுத்தி நிறுத்தினேன். கடைசியாக மாதிரிப் பழுதுக்குச் சிவப்பு எரிந்தது பூஜைக்கு முதல் நாள் காலையில். அதன் பிறகு தேர்ச்சி பெற்ற எலிமெண்ட்டெல்லாம், பேட்டரிப் பெட்டிக்குள் அடைக்கும் எங்கள் இன்னொரு கிளைக்குப் போக, கட்டி, லாரியில் ஏறி நின்றன. நல்ல வேளையாக லாரியும் மாலை போட்டுக்கொண்டு பூஜைக்காக முற்றத்திலேயே இருந்தது. அதை இறக்கச் சொல்லி ஆள் அனுப்பினேன்.

சென்னியப்பன் வந்தார்.

“என்னங்க இதுங்க, பூசை முடிஞ்ச கையோட லைனை நிறுத்திப் போட்டீங்களாங்க? லாரி மத்தியானம் போகோணுமுங்க.”

நான்கு. நான் எழுந்து நின்று ஏழாவது விதியைச் சொன்னேன். விதி அவருக்கும் தெரியும். மெஷினில்தான் ஒன்றும் இல்லையென்று நீங்களே அளந்துவிட்டீர்களே, பிறகு எதற்கு இறக்குகிறீர்கள் என்று கேட்டார். மீட்டரை நம்பச் சொல்லி விதி இல்லை, கெட்ட எலிமெண்ட்டை நம்பத்தான் விதி என்றேன். இப்போது அது நல்லதாகிவிட்டது, கெட்டது ஒன்று கிடைக்கும்வரை கருவியை ஓட்ட முடியாது என்றும் சொன்னேன். அதற்குள் சத்தம் கேட்டு மற்ற மேசைகளிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். கூட்டத்தில் முன்னால் ராஜகனி நின்றார். தொட்டியில் இருந்த எலிமெண்ட்டை எட்டிப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் மலர்ந்தது.

“இது நான் சரி பண்ணுனதுல்லா சார். பச்சை வந்துட்டா?”

எல்லோரும் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தார்கள். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு தொடர்ந்தார்.

“பூசைக்கு மொத நாள் எம் மேசையில கெடந்துச்சு. பழைய சாமானா இருக்கேன்னு பாத்தேன். நடுத்தாள்ல ஊசி குத்துன மாதி ஒரு ஓட்ட சார். இத்தன நாளும் ஒருத்தர் கண்ணுக்கும் படல போல.”

பிறகு விசாரித்ததில் மீதி தெரிந்தது. கழுவும்போது மேசை மேல் இருந்த எல்லாவற்றையும் தூக்கியவர்கள், ரிப்பன் இல்லாமல் கிடந்த இதையும் மற்றச் சிவப்புகளோடு சேர்த்து அவர் மேசையில் வைத்துவிட்டார்கள். அவர் சரிசெய்து மறுசோதனை அடுக்கில் வைத்தார். அன்று மாலை சோதனை இல்லை, கழுவும் வேலை மட்டும். மாலை ஷிப்ட் ஆபரேட்டர் பழகிய கறுத்த முகத்தை அடையாளம் கண்டு, இது இங்கே எப்படி வந்தது என்று பொறுப்பாகப் பெட்டியில் வைத்து, சந்தனமும் இட்டுவிட்டுப் போனார். எல்லோரும் அவரவர் வேலையைச் சரியாகச் செய்திருந்தார்கள். எங்கள் தொழிற்சாலையில் பெரிய விபரீதங்கள் இப்படித்தான் நடக்கும்.

சென்னியப்பன் என்னைத் தனியே அழைத்துப்போனார். சம்பவ அறிக்கை எழுத வேண்டும் என்றார். காரணம் என்ற இடத்தில் ராஜகனியின் கவனக்குறைவு என்று போட வேண்டும். கம்பெனியின் சான்றிதழ் பெற்ற பொருளைச் சேதப்படுத்தியவரை நிரந்தரம் ஆக்க முடியாது, தீபாவளிக்கு முன்னால் கணக்கு முடித்து அனுப்பிவிடலாம் என்றார். இதையும் தோளைத் தட்டித்தான் சொன்னார். “நீங்களே எழுதிப் போடுங் ண்ணா.”

எழுத உட்கார்ந்தேன். எவ்வளவு முயன்றும் அந்த வாக்கியம் அமையவில்லை. குற்றம் என்ன? கெட்ட எலிமெண்ட்டை நல்லதாக்கியது. இதைத் தலைமையகத்தில் படிப்பவர்கள் அவருக்குப் பரிசு அனுப்பினாலும் அனுப்புவார்கள். சேதம் என்று எழுதலாம் என்றால், சேதம் நீங்கியதுதான் சேதம் என்று விளக்க வேண்டியிருந்தது. அதோடு, ராஜகனியின் மேசைக்கு மேலே ஒட்டியிருந்த விதி ஒன்று என் கண்ணில் பட்டது. அடையாளத் தகடு இல்லாமல் மேசைக்கு வரும் எலிமெண்ட் எதுவானாலும் பிரித்துச் சரிசெய்து மறுசோதனைக்கு அனுப்ப வேண்டும், அப்படியே திருப்பி அனுப்பக் கூடாது. சென்னியப்பன் வாயால் சொல்ல, நான் எழுதி ஒட்டியது. ஆக, தகடு இல்லாததைச் சரிசெய்தது குற்றமல்ல, சரிசெய்யாமல் விட்டிருந்தால்தான் குற்றம். கேள்வி ஒன்றுதான் மிச்சம். தகட்டை யார் கழற்றினார்கள்?

இதை நான் சென்னியப்பனிடம் சொன்னபோது ராஜகனியும் அங்கே இருந்தார். அதற்குள் அவருக்கு விஷயம் எட்டிவிட்டது. அழவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மேசைக்கு மேலே இருந்த விதியைக் காட்டி, “இதப் படிச்சுட்டுத்தான சார் செஞ்சேன். தப்புன்னா இதயும் கிழிச்சுப் போட்டுட்டு என்னய அனுப்புங்க. எம் புள்ள பரிச்ச எழுதணும்லா” என்று மட்டும் சொன்னார்.

தகடு கழுவும்போது எங்காவது விழுந்திருக்கும், அதை யார் கண்டார்கள் என்றார் சென்னியப்பன். அப்போதுதான் லாரியிலிருந்து இறக்கிய முதல் சரக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு ஃபோர்க்லிஃப்ட் உள்ளே வந்தது. ஓட்டியவன் மனோஜ், பீகார்க்காரன். வந்த இரண்டே வருடத்தில் தமிழ் பேசப் பழகிவிட்டான், படிக்கத் தெரியாது. வண்டியின் நெற்றியில் வாடிய சாமந்தி மாலை. மாலைக்கு நடுவே, பட்டுக் குஞ்சம் போல முடிச்சுப் போட்ட சிவப்பு ரிப்பன். ரிப்பனில் தொங்கும் ஏதோ ஒன்றின் மேல் பெரிய குங்குமப் பொட்டு.

நான் எழுந்து போய் வண்டியை நிறுத்தச் சொன்னேன். கையிலிருந்த கட்டிங் வேஸ்ட்டால் குங்குமத்தைத் துடைத்தேன். கீழே அலுமினியம். அதில், தெளிவான எழுத்தில், “நிரந்தரப் பழுது. சரிசெய்யக் கூடாது.”

கம்பெனியின் விலையுயர்ந்த புது வண்டி, பூஜைப் படத்துக்கு முன்னால் தேங்காய் உடைத்து, மொதலாளி கையால் ஆரத்தி வாங்கி, நெற்றியில் இந்த வாசகத்தோடு முற்றத்தைச் சுற்றி வந்திருக்கிறது. மொதலாளி நின்று படமும் எடுத்துக்கொண்டார்.

யார் கட்டியது என்று மனோஜைக் கேட்டேன். அவனுக்குப் பெருமை.

“பெரிய சார் அவர் கையில் கட்டி குடுத்தாரு. ராசி இருக்கு, அவுக்காதேன்னு சொன்னாரு. நான் அவுக்கல.”

எல்லோரும் சென்னியப்பனைப் பார்த்தார்கள். மாலைக்கு ரிப்பன் போதாமல் போய், பெட்டியில் கண்ணில் பட்டதை அவிழ்த்துக்கொண்டு, எலிமெண்ட்டை மேசை மேலேயே விட்டுப் போயிருக்கிறார். எழுத்து தெரிந்தால் அழகாக இருக்காது என்று குங்குமம் அப்பியிருக்கிறார். அவர் வண்டியைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.

“செரி.”

ஒரு ‘ங்க’வும் இல்லை. என் பணிக்காலத்தில் அவருடைய மீட்டர் பூஜ்யத்தைக் காட்டியது அன்று ஒருமுறைதான்.

அறிக்கையை நான் எழுதினேன். காரணம்: அலங்காரத்தின்போது அடையாளத் தகடு இடம் மாறியது. யாருடைய அலங்காரம் என்று எழுதவில்லை. ராஜகனியின் பெயரும் அதில் இல்லை. சென்னியப்பன் படித்துப் பார்த்துவிட்டு, முதல் முறையாகத் தோளைத் தட்டாமல் தலையை மட்டும் அசைத்தார்.

ஆனால் கருவி இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தது. எங்களுக்கு ஒரு கெட்ட எலிமெண்ட் வேண்டும். புதியதைத் தலைமையகம் வழியாகக் கருவித் தயாரிப்பாளரிடமிருந்துதான் பெற வேண்டும். அதுவரை உள்ளேயே தற்காலிகமாக ஒன்று செய்துகொள்ளலாம், தர மேலாளரின் எழுத்துப்பூர்வ அனுமதியோடு. இந்த இடத்தில் நான் காகிதத்தை நீட்டினேன். ஃபோர்க்லிஃப்ட் இன்னும் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது. சென்னியப்பன் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பையிலிருந்து பேனாவை எடுத்தார். அது எழுதியது. நல்ல பேனாதான்.

தரச் சான்றிதழ் பெற்ற ஒரு தொழிற்சாலையில், தெரிந்தே கெட்டதாக ஒரு பொருளைச் செய்வது லேசான காரியமல்ல. ராஜகனியிடம் சொன்னோம். கெடுத்தவரே திரும்பக் கெடுக்கட்டும் என்று யாரோ சொன்னார்கள், சரியாகத்தான் இருந்தது. அவர் நடுத்தாளில் ஊசியால் ஓட்டை போட்டார். பச்சை. ஓட்டையைச் சற்றுப் பெரிதாக்கினார். பச்சை. ஓட்டை தெரிந்தால், தகடுகளை அந்த இடத்தில் அவர் கை தானாகவே நேர்த்தியாக விலக்கி அடுக்கிவிடுகிறது. வேண்டுமென்றே தகடுகளைத் தொடவிட்டார். சிவப்பு எரிந்தது, ஆனால் அது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாலும் தெரிகிற சிவப்பு. தூங்குகிற கருவிகூட அதைப் பிடித்துவிடும். எங்களுக்கு வேண்டியது அளவோடு கெட்டது.

“கை வர மாட்டேங்கு சார்” என்று எழுந்துவிட்டார் ராஜகனி.

மத்தியானம் ஆகிவிட்டது. முற்றத்தில் லாரி டிரைவர் மாலையைக் கழற்றிவிட்டு வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தார். சென்னியப்பன் பொறுமை இழந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, “குடுங்க இங்க” என்று மேசையில் உட்கார்ந்தார். தகடுகளை எடுத்தார். ஒன்றை நேராக வைத்தார், ஒன்றைச் சற்றே கோணலாக வைத்தார். ஒரு தாளின் ஓரம் மடங்கியதை அவர் கவனிக்கவில்லை. நாங்கள் கவனித்தோம், சொல்லவில்லை. ராஜகனி மட்டும் சொல்ல வாயெடுத்தார், நான் கண்ணைக் காட்டினேன்.

தொட்டியில் வைத்து அழுத்தினேன். மீட்டர் முள் நகர்ந்து, அனுமதித்த அளவைச் சரியாக ஒரு மயிரிழை தாண்டி நின்றது. சிவப்பு. ஊதல். சாவியைப் போட்டுத் திறந்து, மறுபடி வைத்தேன். அதே மயிரிழை. பத்து முறை வைத்தாலும் அதே இடம். தயாரிப்பாளர் அனுப்பியதுகூட இவ்வளவு துல்லியமாக இல்லை.

சென்னியப்பனுக்கு வந்த மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது. இத்தனை வருடத்தில் அந்தத் தொழிற்சாலையில் அவர் தம் கையால் செய்த ஒரே பொருள் அது. “பாத்தீங்களா ண்ணா, கை வெச்சா ஆவுமுங்க” என்றார். தற்காலிக மாதிரியின் தகட்டில் தயாரித்தவர் பெயர் போட வேண்டும் என்று விதி. அவர் பெயரைப் பொறித்தோம். அதற்குமுன் எழுத்தில் எதையும் தராதவர், இப்போது அலுமினியத்தில் இருந்தார். இறக்கிய சரக்கை எல்லாம் மறுசோதனை செய்தோம், எல்லாம் பச்சை. லாரி மாலையில் போயிற்று.

அந்தத் தீபாவளிக்கு ராஜகனி நிரந்தரம் ஆனார். அடுத்த வருடம் சென்னியப்பன்தான், அந்தம்மா கண்ணு மெஷின் பக்கம் இருக்கோணும் என்று சொல்லி அவரை என்னிடம் பழக அனுப்பினார். நான் ஓய்வு பெற்றபோது என் கழுத்துச் சாவி அவர் கழுத்துக்குப் போயிற்று. மகள் பத்தாம் வகுப்பு முடித்து, மேலேயும் படித்து, இப்போது வங்கியில் இருக்கிறாள் என்று கேள்வி.

தலைமையகத்துக்கு நான் எழுதிய கடிதம் மட்டும் பாக்கி. எளிமையான கடிதம். எங்கள் மாதிரிப் பழுது எலிமெண்ட் தன் பழுதை இழந்துவிட்டது, சான்றிதழோடு புதியது அனுப்பவும். பதில் இல்லை. நினைவூட்டினேன். உங்கள் கடிதம் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது என்று வந்தது. யாருடைய பார்வைக்கு என்று கேட்டு எழுதினேன். அதற்கும் பதில் இல்லை. தற்காலிக மாதிரி தற்காலிகமாகவே இருந்தது. நான் ஓய்வு பெற்றேன், அது பெறவில்லை. தானியங்கிக் கருவி வந்தது, அதற்கும் காலையில் முதலில் காட்டுவது சென்னியப்பன் செய்ததைத்தான்.

இந்தப் பட்டதாரிகள் வந்து போனதற்கு மறுநாள் ராஜகனி போன் செய்தார்.

“சார், பதில் வந்துட்டு.”

எனக்கு ஒரு கணம் எந்தப் பதில் என்றே புரியவில்லை. அவர் நிதானமாகப் படித்துக் காட்டினார். “தங்கள் கடிதத்தில் குறிப்பிட்டுள்ள பழுதான எலிமெண்ட்டை உடனடியாகப் பிரித்துச் சரிசெய்து, சோதனையில் பச்சை விளக்கு எரிவதை உறுதிப்படுத்தி, இவ்வாரத்துக்குள் அறிக்கை அனுப்பவும்.”



“நீ அதைத் தொடலையேம்மா?” என்று கேட்டேன்.

“எனக்கு அஞ்சு நிமிசம் சார். ஓரத்துல மடங்குன தாள் அன்னைக்கே தெரியும்லா.” சிரித்தார். “தொடல. இப்ப ரிப்பன் கெடையாது, சங்கிலி போட்டுப் பூட்டி வச்சிருக்கேன். சாவி எங்கிட்டதான் இருக்கு.”

அப்படியானால் கடிதத்தைக் கோப்பில் வைத்துவிடு, இதற்கு எதற்கு எனக்குப் போன் என்றேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

“சென்னியப்பன் சார் பக்கத்துலயே நிக்காவ. பூட்டுச் சாவியக் கேக்காவ, அந்த எலிமெண்ட்டையும் கழுவணுமாம். புதுசா இன்னொரு ஃபோர்க்லிஃப்ட் வந்திருக்கு சார்.”

சாவியை மட்டும் கொடுத்துவிடாதே என்று சொல்லிவிட்டு, சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தேன். பதில் வந்து சேர்ந்த தேதி, ஆயுத பூஜைக்கு முதல் நாள்.